அவசரம்: 555 டைமர் ஐசியின் அலை லேப்டாப்பில் வரவில்லை, என்ன தப்பு?

குட்டிமின்னல் (இரவு 9.40)
வணக்கம். அலையைத் திரையில் காட்டுகிற ஆஸிலாஸ்கோப் என்னிடம் இல்லை. அதனால் லேப்டாப்பையே ஸ்கோப்பாக்கி 555 அவுட்புட்டைப் பார்க்கலாம் என்று ஆடியோ ஜாக்கில் கொடுத்தேன். சதுர அலை வர வேண்டிய இடத்தில் புழு நெளிகிற மாதிரி ஏதோ வருகிறது. சர்க்யூட் சரிதான், எல்ஈடி எரிகிறது. நாளை மறுநாள் புராஜெக்ட் காட்ட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள். இது வந்துவிட்டால் அடுத்து ஃபேன் ரெகுலேட்டர் அலையையும் பார்க்கணும்.

தகரடப்பா (9.52)
எந்த ஜாக்? ஒரே ஓட்டையா, மைக்குக்குத் தனியாக இருக்கிறதா? எத்தனை வோல்ட்? ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்பு? எந்த மென்பொருள்? இதெல்லாம் சொல்லாமல் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

மாடிவீட்டு ரேடியோ (9.58)
555இன் 5ஆம் காலில் 0.01 மைக்ரோ கெபாசிட்டர் போட்டீர்களா? 555 தகராறு என்று வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் விட்டிருப்பார்கள். 4ஆம் காலை பாசிட்டிவில் கட்டியாச்சா?

சாலிடர் சிங்கம் (10.15)
தம்பி, இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஸ்கோப் இல்லாமல் எலெக்ட்ரானிக்ஸ் பண்ணுவது தராசு இல்லாமல் மளிகைக் கடை வைக்கிற கதை. சவுண்டு கார்டு பாட்டுக் கேட்கத்தான். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

குட்டிமின்னல் (10.21)
9 வோல்ட் பேட்டரி. ரெசிஸ்டர் 1கே, 6.8கே, கெபாசிட்டர் 104 (0.1 மைக்ரோ). மென்பொருள் ஆடாசிட்டி. ஜாக் ஒன்றுதான் இருக்கு. பழைய இயர்போன் வயரை வெட்டி 3ஆம் காலிலிருந்து நேராகக் கொடுத்தேன். 5ஆம் காலில் இப்போது போட்டேன், மாற்றம் இல்லை.

தகரடப்பா (10.30)
கணக்குப்படி 1.44ஐ 14.6கே (1கேயோடு இரண்டு மடங்கு 6.8கே), 0.1 மைக்ரோ இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 986 ஹெர்ட்ஸ். எல்ஈடி எரிவதை நம்பாதீர்கள். செகண்டுக்கு ஆயிரம் தடவை மினுக்கினாலும் கண்ணுக்கு எரிகிற மாதிரியேதான் தெரியும், ஆடாமல் ஹையில் (மேல் வோல்ட்டிலேயே) நின்றாலும் அப்படியேதான். 3ஆம் காலில் 100 ஓம், 10 மைக்ரோ வழியாக ஒரு பழைய ஸ்பீக்கரை வையுங்கள். கீ என்று கத்தினால் 555 ஓடுகிறது.

நீலத்திரை (10.34)
விண்டோஸில் மைக் செட்டிங்கில் ஆடியோ மேம்படுத்தல், சத்தக் குறைப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். விடாமல் வருகிற ஒரே சுருதியை அது ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். எனக்கு அரை செகண்ட் அலை வந்து அப்படியே தேய்ந்து போனது, காரணம் இதுதான்.

கொல்லைப்புற லேப் (10.50)
எல்லோரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். "பழைய இயர்போன் வயர்" என்கிறார். தம்பி, அந்தப் பிளக்கில் கறுப்பு வளையம் எத்தனை? இரண்டுதான் என்றால் அதில் மைக் தொடர்பே கிடையாது. ஒற்றை ஜாக்கில் பொதுவாக நுனி இடது ஹெட்போன், அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். மூன்று பாகப் பிளக்கைச் செருகினால் மைக்கும் கிரவுண்டும் ஷார்ட். லேப்டாப் "இது வெறும் ஹெட்போன்" என்று முடிவுகட்டி உள்ளே இருக்கிற மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும். ஆடாசிட்டியை ஓடவிட்டு ஒரு தடவை கைதட்டுங்கள். புழு துள்ளினால் நீங்கள் பார்ப்பது 555 இல்லை, உங்கள் அறையை.

இன்னொன்று: அப்படியானால் 7 வோல்ட்டுக்கு மேல் இருக்கிற சிக்னலை ஹெட்போன் அவுட்புட்டுக்குள்ளே தள்ளியிருக்கிறீர்கள். 555 சாதாரணமாகவே 200 மில்லியாம்ப் தள்ளும். உடனே கழற்றுங்கள்.

மைக் உள்ளீட்டோடு வருகிற சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனால் அது மட்டும் போகும். சிக்னலுக்குத் தொடராக 100கே, உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1கே. 75 மில்லிவோல்ட் பக்கம் கிடைக்கும். அந்த 1கே மேல் இரண்டு 1என்4148 டயோடு, எதிரெதிராக. லைன்-இன் (மைக்கைவிடப் பெரிய சிக்னலுக்கான உள்ளீடு) இருந்தால் 1கேக்குப் பதில் 10கே.

சாலிடர் சிங்கம் (11.05)
இவ்வளவும் செய்து என்ன பார்ப்பீர்கள்? 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில், அதாவது செகண்டுக்கு 48 ஆயிரம் புள்ளி எடுத்தால், 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தெரியும். டிசி (ஏறி இறங்காத வோல்ட்) தெரியாது. டிஎஸ்ஓ138 என்கிற சின்ன ஸ்கோப் கிட்கூட 200 கிலோஹெர்ட்ஸ் காட்டும்.

நீலத்திரை (11.09)
1 கிலோஹெர்ட்ஸ் பார்க்க 24 போதாதா? ஒரு அலைக்கு 48 புள்ளி கிடைக்கிறதே.

தகரடப்பா (11.20)
சிங்கம் சொல்வதில் பாதி சரி. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் 1, 3, 5 என்று 23 வரை ஒற்றைப்படை ஹார்மானிக் (அலையின் அத்தனை மடங்கு அதிர்வெண்) உள்ளே வரும், அதனால் சதுரமாகத் தெரியும். மூலையில் மட்டும் காது முளைத்த மாதிரி நெளிவு இருக்கும், அது கார்டின் ஃபில்டர் செய்வது. 10 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் மூன்றாவது ஹார்மானிக்கே 30, வெட்டுப்பட்டுவிடும். சதுரம் கொடுத்து சைன் வாங்குவீர்கள்!

சாலிடர் சிங்கம் (11.26)
அதைத்தான் நானும் சொன்னேன்.

மாடிவீட்டு ரேடியோ (11.31)
நீங்கள் சொன்னது மளிகைக் கடை. பையன் புராஜெக்ட்டுக்கு வழி கேட்கிறான், ஸ்கோப் விலைப்பட்டியல் கேட்கவில்லை. நான் சென்னை ரிச்சி தெருவில் உதிரி பொறுக்கிப் படித்தவன். ஸ்கோப்பைக் கண்ணால் பார்க்கவே பல வருஷம் ஆனது.

சாலிடர் சிங்கம் (11.38)
அதனால்தான் எதற்கெடுத்தாலும் 5ஆம் கால் என்கிறீர்கள்.

கொல்லைப்புற லேப் (11.45)
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிவின் கடைசி வரியை யாரும் படிக்கவில்லையா? ஃபேன் ரெகுலேட்டர்! தம்பி, அது நேராக 230 வோல்ட் லைன். உச்சத்தில் 325. 100கேயும் டயோடும் அங்கே காப்பாற்றாது. லேப்டாப் கிரவுண்டை அதில் தொட்டால் லேப்டாப் உடம்பெல்லாம் லைன் வந்துவிடும், கீபோர்டில் உங்கள் கை இருக்கும். லைன் அலை பார்க்கத்தான் ஆசை என்றால் ஒரு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை பிளக்கில் செருகி, அதன் செகண்டரியை மட்டும் அந்த 100கே, 1கே டிவைடர் வழியாகக் கொடுங்கள். ரெகுலேட்டரைத் திறக்காதீர்கள்.

குட்டிமின்னல் (மறுநாள், மாலை 6.10)
கைதட்டினேன், துள்ளியது. யூஎஸ்பி கார்டு வாங்கி 100கே, 1கே போட்டேன். சதுரம் வந்துவிட்டது. 10 மில்லிசெகண்டில் 9 அலை. மேல்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, பரவாயில்லை. ஹெட்போனில் இடது பக்கம் கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

தகரடப்பா (6.40)
சரிவு கார்டுக்குள் இருக்கிற கெபாசிட்டரால், 555 மேல் தப்பில்லை. 986க்கு 900 வருவது 104இன் கைங்கரியம், பத்து சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். இடது பக்கம்... வருத்தம்தான். நுனியில்தானே கொடுத்தீர்கள்?

நீலத்திரை (7.15)
எந்தக் கார்டு வாங்கினீர்கள்? எனக்கும் வேண்டும்.

கொல்லைப்புற லேப் (இரவு 9.30)
தம்பி, ரெகுலேட்டரைத் தொடவில்லைதானே?

கொல்லைப்புற லேப் (இரண்டு நாள் கழித்து)
ஒரு வரி பதில் போடுங்கள் தம்பி.