ஒத்தக்கடை சொந்தபந்தம் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

சுதா: யாராவது எழுந்துவிட்டீர்களா? நேற்றுக் காதுகுத்தில் கொடுத்த தாம்பூலப் பைகளைக் கருப்பன் கிழித்துப் போட்டிருக்கிறான். எட்டு லட்டும் காலி.

பாண்டி: எட்டுமா!

தங்கம் அத்தை: சாமி பெயரை நாய்க்கு வைக்காதே என்று அன்றைக்கே சொன்னேன். அழகர்கோவிலில் நின்று கருப்பா என்று கும்பிடவே கூச்சமாக இருக்கிறது.

சுதா: அத்தை, அது அப்புறம். லட்டில் திராட்சை போட்டார்களா?

பாண்டி: என் லட்டில் இல்லை

செல்வம் மாமா: முந்திரியும் இல்லை

தங்கம் அத்தை: அரைக் கிலோ திராட்சை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். எங்கே போனதென்று அடுப்படியில் நின்றவர்களைக் கேளுங்கள்.

பெரியம்மா: யாரைச் சொல்கிறாய் தங்கம்

செல்வம் மாமா: ஆரம்பித்தாச்சு

முருகேசன் சித்தப்பா: சுதா, உலர்திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். இத்தனை தின்றால்தான் ஆபத்து என்று கணக்கு கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்றுக்கு நாலைந்தே போதும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-ல்தான் பிடிபட்டது. புளியிலும் அதே அமிலம் உண்டு, ஆகவே புளியோதரையும் கூடாது. சாக்லேட்டில் தியோபுரோமின் என்றொரு பொருள், நாய்க்கு அது விஷம். நமக்குச் சீக்கிரம் கழிந்துவிடும், நாய்க்குப் பாதி கழியவே 17 மணி நேரம் போலாகும். கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் இருந்தால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் சுருண்டுவிடும். மிக்சரில் கிடக்கும் பூண்டு, வெங்காய பக்கோடா இரண்டும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்...

பாண்டி: சித்தப்பா மூச்சு விடுங்கள்

செல்வம் மாமா: அந்தக் காலத்தில் நாய்க்குப் பழைய சோறுதான். ஒன்றும் ஆகவில்லை

சுதா: (படம்) வெற்றிலை பாக்கைத் தொடவே இல்லை. பைக்குக் கீழே ஒரு திராட்சை மட்டும் நசுங்கிக் கிடக்கிறது.

தங்கம் அத்தை: பார்த்தீர்களா! போட்டிருக்கிறார்கள்!

சுதா: அத்தை 🙏

பெரியம்மா: உப்பைக் கரைத்து ஊற்று, கக்கிவிடும்

முருகேசன் சித்தப்பா: வேண்டாம் மதினி. உப்பு ஏறினால் அதுவே உயிருக்கு உலை. எப்போது தின்றான்?

சுதா: பால்காரர் வந்தபோது பை முழுசாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். இப்போது வாலாட்டிக்கொண்டு நிற்கிறான்.

முருகேசன் சித்தப்பா: வாலை நம்பாதே. சிறுநீரகம் கெட்டால் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

பாண்டி: இதை முதலில் சொல்லக் கூடாதா

சுதா: மாமா, கார் வேண்டும்

செல்வம் மாமா: சாவி பாண்டியிடம்

பாண்டி: நேற்றே பெரியம்மாவிடம் கொடுத்தேனே

பெரியம்மா: மொய் நோட்டோடு வைத்தேன். மொய் நோட்டையே காணோம்

தங்கம் அத்தை: அதுவும் போயிற்றா

சுதா: ஆட்டோ பிடித்துவிட்டேன். நாயென்று சொல்லவில்லை.

செல்வம் மாமா: மொய் நோட்டு யாரிடம்? பதில் சொல்லுங்கள்

தங்கம் அத்தை: எங்கள் வீட்டில் இன்னும் ஒரு டப்பா லட்டு இருக்கிறது. யாருக்கு வேண்டும்?

பாண்டி: திராட்சை இருக்கிறதா அத்தை