படிக்கும் அறைக்கு எந்தத் தரை? கண்கூச்சமும் எதிரொலியும் தாங்க முடியவில்லை

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 10க்கு 12 அடி அறை ஒன்று இருக்கிறது. பகலில் நான் அங்கே அமர்ந்து அலுவலக வேலை பார்க்கிறேன். இரவில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் அதே மேசையில் படிக்கிறாள். வீடு கட்டியபோது கடைக்காரர் சொன்னதைக் கேட்டு எல்லா அறைகளுக்கும் 2க்கு 2 அடி வெள்ளைப் பளபளப்பு விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டிவிட்டோம். ஜன்னல் மேற்குப் பார்த்தது என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் தரையில் விழும் வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. இரவிலோ டியூப் லைட் தரையில் இன்னொரு விளக்காகத் தெரிகிறது. பேசினால் குரல் எதிரொலிக்கிறது. நாற்காலியை இழுத்தால் கீழே உறங்கும் என் தாயார் விழித்துக்கொள்கிறார். மரத்தரையா, ஆத்தங்குடிக் கல்லா, ரெட் ஆக்சைடா? எதைப் போட்டால் அமர்ந்து கவனமாக வேலை பார்க்கலாம்?

பதில் 1 (காரைக்குடிக்காரர்):

ஆத்தங்குடிக் கல்லை நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. கண்ணாடித் துண்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல் அது. ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து வரும் மினுமினுப்பு கண்ணை உறுத்தாது. ஆனால் படிக்கும் அறைக்குப் பூவேலைப்பாடு வேண்டாம், ஒரே நிறத்தில் எடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல் கெட்டுப்போகும். உங்கள் நிலையில் ஒரு தடை உண்டு: கல்லும் அடியில் இடும் கலவையும் கனமானவை என்பதால், பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் பதிக்க முடியும். குடியிருக்கும் வீட்டில் அந்தத் தூசியை நான் ஒருமுறை பட்டுவிட்டேன். பரிந்துரைக்க மனம் வரவில்லை.

பதில் 2 (மதுரை, கட்டடப் பொறியாளர்):

ஐயா, மூன்று தொந்தரவுகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். தரையை மாற்றினால் தீர்வது கண்கூச்சம் மட்டும்தான். வழவழப்பான டைல்ஸுக்குப் பதில் சொரசொரப்பான டைல்ஸ் வந்தாலும், ஏன், வினைல் பலகை வந்தாலும் எதிரொலி பெரிதாகக் குறையாது, ஏனெனில் அவையும் ஒலியை உறிஞ்சாத கெட்டிப் பரப்புகளே. கனத்த திரைச்சீலை, நிறைய புத்தகங்கள் அடுக்கிய அலமாரி, மேசைக்கடியில் கனமான கம்பளம் ஆகியவைதான் அதைத் தணிக்கும். நாற்காலிச் சத்தம் கான்கிரீட் வழியாகவே கீழே இறங்குகிறது. அதற்குக் கால்களில் ரப்பர் குமிழ் மாட்டுவது முதல் வேலை.

கண்கூச்சத்துக்குப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் டைல்ஸையே பழைய டைல்ஸின்மேல் ஒட்டலாம். சாதாரண சிமெண்ட் கலவை அங்கே பிடிக்காது. விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை அரை சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும். அதற்கென விற்கும் பசையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொரு டைல்ஸையும் மரப்பிடியால் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிப்பவற்றைப் பெயர்த்து நிரப்ப வேண்டும். தரை ஏறத்தாழ 12 மி.மீ. உயரும் என்பதால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். வாசலில் உண்டாகும் விளிம்புக்குச் சாய்வுப் பட்டை வையுங்கள், வீட்டில் பெரியவர் இருக்கிறார்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மாதிரிகளை வாங்கி வந்து ஜன்னலடியில் வைத்து, காலையிலும் மாலை நான்கரைக்கும் இரவு டியூப் லைட்டிலும் பாருங்கள். மிகவும் கறுத்த தரையில் ஒவ்வொரு தூசும் தெரியும். இடைப்பட்ட மணல் நிறம் அல்லது சாம்பல் கலந்த நிறம் நல்லது.

பதில் 3:

மரத்தூள் பலகையில் செய்த லேமினேட் போட்டிருந்தோம். ஜன்னலோரம் மழைச்சாரல் பட்டு ஓரங்கள் உப்பிவிட்டன. மேற்கு ஜன்னல் என்கிறீர்கள், எச்சரிக்கை.

கேட்டவர்:

பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. செலவில்லாதவற்றை முதலில் செய்தேன். ரப்பர் குமிழ் மாட்டியதும் அம்மா தடையின்றி உறங்குகிறார். கீழ் அறையில் இருந்த புத்தக அலமாரியை மேலே ஏற்றி, கனத்த திரையும் போட்டபின் எதிரொலி பாதிக்குமேல் அடங்கிவிட்டது. திரையை மூடினால் மாலைக் கூச்சம் தீர்கிறது, ஆனால் காற்று வருவதில்லை. ஆகவே டைல்ஸ் மாற்றத்தான் போகிறேன். மாதிரிகளில், கடையில் எனக்குப் பிடித்தது வீட்டில் பச்சையாகத் தெரிந்தது. மகள் காட்டிய மணல் நிறமே நின்றது. ஒரே ஐயம்: மேட் டைல்ஸில் அழுக்கு அதிகம் பிடிக்குமா?

பதில் 2:

மிகவும் சொரசொரப்பானதை எடுத்தால் பிடிக்கும். ஈரக்கையால் தடவும்போது விரல் தடையின்றி நகரும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். சோப்புத் திரவத்தை அதிகம் ஊற்றித் துடைத்தால் படலம் தங்கி, அதில்தான் தூசு ஒட்டும். சிறிதளவு போதும், கடைசியில் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.