பில்ட் சர்வரில் பிளேரைட் பிரவுசர் தானாக இறங்க வழி?

கேள்வி: பிளேரைட் (வெப் ஆப்பைப் பிரவுசரில் தானாகச் சோதிக்கும் கருவி) வைத்து எழுதிய டெஸ்ட் எல்லாம் என் கணினியில் ஓடுகிறது, பில்ட் சர்வரில் (கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் ஓட்டும் சர்வர்) மட்டும் பிரவுசரே இல்லை என்று விழுந்துவிடுகிறது. டெஸ்ட் செய்யும் ஆப்பின் சர்வரையும் ஒவ்வொரு முறையும் நானேதான் கிளப்ப வேண்டியிருக்கிறது.

பதில் 1: பிளேரைட் 1.38 பதிப்பிலிருந்து என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) இன்ஸ்டால் பிரவுசரை இறக்காது. பேக்கேஜ் ஜேசன் என்ற ப்ராஜெக்ட் ஃபைலில் ப்ரீடெஸ்ட் என்று ஒரு ஸ்கிரிப்ட் வைத்து அதில் பிளேரைட் இன்ஸ்டால் கட்டளையைப் போடுங்கள், டெஸ்டுக்கு முன் என்பிஎம் தானே அதை ஓட்டும். ஏற்கெனவே இருந்தால் மறுபடி இறக்காது.

பதில் 2: பில்ட் சர்வர் லினக்ஸா? அப்படியென்றால் அங்கே மட்டும் இன்ஸ்டால் கட்டளையோடு வித்-டெப்ஸ் (பிரவுசருக்குத் தேவையான சிஸ்டம் லைப்ரரிகளையும் நிறுவும் ஆப்ஷன்) சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லைப்ரரி இல்லை என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும். (ப்ரீடெஸ்டில் போட்டால், உங்கள் கணினியும் லினக்ஸ் என்றால் அங்கேயும் ரூட் (அட்மின்) அனுமதி கேட்டு உயிரை வாங்கும்.) அப்புறம், பிளேரைட் கான்ஃபிக்கில் வெப்சர்வர் பகுதியில் ஆப் சர்வரைக் கிளப்பும் கட்டளையும் அதன் முகவரியும் கொடுத்தால் பிளேரைட்டே அதைக் கிளப்பி, தயாராகும்வரை காத்திருந்து, முடிந்ததும் நிறுத்திவிடும்.

கேட்டவர்: சரி, லைப்ரரிதான் சிக்கல். இப்போது டெஸ்ட் எல்லாம் பச்சை!