வழிகாட்டி மதிப்பு, கேட்கும் விலை, கைக்கு வந்த விலை: ஊர் ஊராக எங்கள் அனுபவங்கள்

மயிலாடுதுறை உறுப்பினர்

தமிழ்நாட்டில் எந்த ஊரில் வீட்டு விலை ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று வரும் கணக்குகளை நான் நெடுநாள் அப்படியே நம்பிவந்தேன். 2023-ல் அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த பூர்வீக மனையை விற்றபோதுதான் அந்தக் கணக்குகள் எதைக்கொண்டு போடப்படுகின்றன என்று யோசிக்க வேண்டி வந்தது. என் அனுபவத்தை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஊரில் நடந்ததை எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

எங்கள் மனை டெல்டா ஊர்களின் பழைய தெருக்களில் காணப்படும் வகையைச் சேர்ந்தது. முகப்பு 18 அடி, ஆழம் 111 அடி, மொத்தம் ஏறக்குறைய 2,000 சதுர அடி. ஓட்டு வீடு மழையில் இடிந்துபோனதால் வெறும் மனையாகவே விற்றோம். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். விற்க நினைப்பவர்கள் பலர், வாங்க வருபவர்களோ ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான். முகப்பு குறுகலான மனையில் கார் நிறுத்த இடம் விட்டு வீடு கட்டுவது கடினம் என்பதால் புதுக் குடும்பங்கள் புறவழிச் சாலைப் பக்கம் போய்விடுகின்றன.

பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக வைக்கும் மதிப்புதான் வழிகாட்டி மதிப்பு. 2012-ல் தமிழ்நாடு முழுவதும் அது உயர்த்தப்பட்டபோது எங்கள் தெருவுக்குச் சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆகவே எங்கள் தெருவின் மதிப்பு 670 ரூபாய்க்கு இறங்கியது. 2023 பிப்ரவரியில் நாங்கள் பேசி முடித்த விலை சதுர அடிக்கு 900 ரூபாய், மொத்தம் 18 லட்சம். உள்ளூர் வழக்கப்படி வெற்றிலைப் பாக்கோடு 10,001 ரூபாயை ரொக்கமாக முன்பணம் தந்து உடன்படிக்கை எழுதினோம். வாங்குபவருக்குப் பணம் புரள இரண்டு மாதம் தவணை கொடுத்தேன்.

2023 ஏப்ரல் 1 அன்று வழிகாட்டி மதிப்பு பழைய 2012 அளவுக்கே திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. எங்கள் மனையின் மதிப்பு ஒரே இரவில் 13 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 20 லட்சமாகிவிட்டது. நாங்கள் பேசிய 18 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து முன்பு 11 சதவீதம், அப்போது 9 சதவீதம். உண்மை விலையையே பத்திரத்தில் எழுதுவதென்று நாங்கள் முடிவு செய்திருந்ததால் வாங்குபவருக்கு, முன்பென்றால் 18 லட்சத்துக்கு 11 சதவீதமாக 1,98,000 ரூபாய் ஆகவேண்டிய செலவு, அரசு மதிப்பான 20 லட்சத்துக்கு 9 சதவீதமாக 1,80,000 ஆனது. பதிவு முடிந்த அன்று இருவருமே மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பினோம்.

வருமான வரிக் கணக்குப் போடும்போதுதான் சிக்கல் தெரிந்தது. விற்ற விலையைவிட அரசு மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அன்றிருந்த வருமான வரிச் சட்டத்தின் 50சி பிரிவின்படி அரசு மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்வார்கள். 18 லட்சத்தோடு 10 சதவீதம் சேர்த்தால் 19 லட்சத்து 80 ஆயிரம். எங்கள் மனையின் மதிப்போ 20 லட்சம். கைக்கு வராத 2 லட்சத்துக்கு 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 41,600 ரூபாய் கட்டினேன். வாங்கியவருக்கும் அதே 2 லட்சம் வருமானமாகக் கணக்கில் சேர்ந்தது. விலையை 18 லட்சத்து 20 ஆயிரம் என்று முடித்திருந்தால் இருவருக்குமே இந்தச் சுமை வந்திருக்காது.

இன்னொன்றையும் ஆடிட்டர் சொன்னார். முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெற்றிருந்தால், உடன்படிக்கை நாளில் இருந்த மதிப்பையே, அதாவது 13 லட்சத்து 40 ஆயிரத்தையே, கணக்கில் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரொக்கமாக வாங்கியதால் அந்த வழி அடைபட்டது. சந்தை விலை குறைவு என்று கூறி, வரித் துறையின் மதிப்பீட்டு அலுவலரிடம் அனுப்பும்படி கோரும் உரிமையும் உண்டு. அதையும் நான் அப்போது அறியவில்லை. அந்த 2023 உயர்வுக்கான சுற்றறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்துச் செய்தது. குழுக்கள் அமைத்துத் திருத்திய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

வழிகாட்டி மதிப்பையே விலையாக எழுதிப் பதிவான பத்திரங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பவருக்கு, அந்த ஏப்ரலில் எங்கள் ஊரில் மனை விலை கிட்டத்தட்ட 50 சதவீதம் ஏறியதாகத் தெரியக்கூடும். தெருவில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே நான் இதை எழுதக் காரணம்.

கோயம்புத்தூர் உறுப்பினர்

ஐயா எழுதியதற்கு நேர் எதிரானது எங்கள் பக்கத்து நிலவரம். சரவணம்பட்டி, காளப்பட்டிப் பகுதிகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்த பிறகு, சந்தை விலை வழிகாட்டி மதிப்பை எப்போதோ தாண்டிப் போய்விட்டது. 2021-ல் காளப்பட்டிப் பக்கம் 5 சென்ட் மனை தேடினேன். (சென்னையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. உங்கள் ஒரு கிரவுண்டு எங்களுக்கு ஐந்தரை சென்ட்.) முதலில் பார்த்த மனைக்குச் சென்ட் 9 லட்சம் கேட்டார்கள், ஆக 45 லட்சம். பத்திரத்தில் 20 லட்சம் மட்டும் எழுதுவோம், மீதியைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார் தரகர். பதிவுச் செலவில் மட்டுமே 2 லட்சத்து 75 ஆயிரம் மிச்சமாகும் என்று ஒரு தாளில் கணக்கும் போட்டுக் காட்டினார்.

நான் மாதச் சம்பளக்காரன். என்னிடம் 25 லட்சம் ரொக்கம் எங்கிருந்து வரும்? வங்கி பத்திரத்தில் உள்ள தொகையை வைத்துத்தான் கடன் தரும். 2015 ஜூன் முதல் அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி தவறு என்பதும் எனக்குத் தெரியும். அது மட்டுமல்ல, இன்று 20 லட்சம் என்று எழுதி வாங்குபவர் நாளை முழு விலைக்கு விற்கும்போது, தான் உண்மையில் கொடுத்த 25 லட்சத்துக்கும் சேர்த்து ஆதாய வரி கட்ட நேரிடும். இரண்டு மனைகளை இதே காரணத்தால் விட்டேன். மூன்றாவதாக, மகளின் திருமணத்துக்காக விற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதச் சம்மதித்தார். சென்ட்டுக்கு 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

அதே தெருவில் அதே ஆண்டில் பதிவான பத்திரங்களில் என்னுடையது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் விலை காட்டுகிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் யாரும் என்னை ஏமாந்தவன் என்றே நினைப்பார்கள். எங்கள் பகுதியின் விலையை மற்றப் பத்திரங்களைக்கொண்டு கணிப்பவர்கள் சந்தையைப் பாதி அளவில்தான் காண்கிறார்கள்.

முடிச்சூர் உறுப்பினர்

2015-ல் சென்னைப் புறநகரான எங்கள் பகுதியில் இரண்டு முறை வெள்ளம் வந்தது, நவம்பர் நடுவில் ஒருமுறை, டிசம்பர் தொடக்கத்தில் மறுமுறை. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்தான் எங்களை மூழ்கடித்தது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அந்த ஏரியின் உபரி நீர் எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் வழியாக இறங்கிய மேற்பகுதி ஏரிகளின் நீர். வீடு வாங்க வருபவர்களிடம் இதை விளக்கியே எனக்கு ஓராண்டு போயிற்று.

அம்மாவின் மருத்துவச் செலவுக்காக 2016-ல் வீட்டை விற்க முயன்றேன். விலை சரியும் என்று எதிர்பார்த்தேன். விலை சரியவில்லை, விற்பனைதான் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் கேட்கும் விலையைக் குறைக்கவில்லை, வாங்குபவர்களும் வரவில்லை. விளம்பரங்களை மட்டும் பார்ப்பவருக்கு முடிச்சூரில் எதுவுமே நடக்காதது போலத் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. என் மனை அங்கீகாரம் பெற்றதுதான் என்றாலும், என் வீட்டை வாங்க விரும்பிய ஒருவர் பஞ்சாயத்து அனுமதி மட்டுமே உள்ள, அங்கீகாரமற்ற தன் மனையை விற்றால்தான் எனக்குப் பணம் தரமுடியும் என்ற நிலையில் இருந்தார். அவர் மனை பதிவாகவில்லை, ஆகவே என் வீடும் விற்கவில்லை. அத்தகைய மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் 2017 மே மாதம் வந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். அதற்குள் அம்மா காலமாகிவிட்டார்.

வீட்டை நான் விற்கவே இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, தரகர்கள் தாமாகவே கதவைத் தட்டுகிறார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் மழை பெய்தது. வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான். சுவரில் கறை இருந்த உயரத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். இதை மறைத்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓசூர் உறுப்பினர்

சுருக்கமாக என் அனுபவம். 2024 மே மாதம் ஓசூர்ப் புறநகரில் ஒரு மனைக்கு விலை பேசி முடித்தேன். தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையைப் பதிவுசெய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம் என்றபோதும், பத்து நாளில் கிரயமே முடித்துவிடலாம் என்று விற்பவர் சொன்னதால் வெறும் தாளில் எழுதிக்கொண்டோம். பத்து நாள் ஒரு மாதமாக நீண்டது. ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் காலையே விற்பவர் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இடம்கூட முடிவாகாத ஒரு திட்டத்துக்காக விலை ஏறிவிட்டது. எங்கள் ஊர் விலையை ஆளுவது சென்னை அல்ல, பெங்களூருதான். பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபோதும், எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மனைகளுக்கு அதே கதைதான் நடந்தது.

நங்கநல்லூர் உறுப்பினர்

எல்லோரும் மனையைப் பற்றி எழுதுகிறீர்கள். பழைய அடுக்குமாடி வீட்டை விற்ற ஒரு பெண்ணின் அனுபவத்தையும் கேளுங்கள். 1986-ல் இரண்டு கிரவுண்டில் கட்டிய எட்டு வீடுகளில் ஒன்று என்னுடையது. பரப்பு 750 சதுர அடி. போன ஆண்டு பார்க்க வந்தவர்கள் சமையலறையையோ தண்ணீர் வசதியையோ கேட்கவில்லை. பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் என் வீட்டுக்கு உரிய பங்கு, எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு அன்று 1.5, 2019 விதிகளுக்குப் பிறகு 2. ஆகவே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினால் அதே மனையில் கூடுதல் வீடுகள் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். விலை முழுவதும் மண்ணுக்குத்தான், 38 ஆண்டுகள் நான் வாழ்ந்த வீட்டுக்கு அல்ல என்பது முதலில் மனத்துக்கு வலித்தது.

எட்டு வீடுகளும் ஒரே அளவு. மனை 4,800 சதுர அடி. ஆளுக்கு 600 வரவேண்டும். என் பத்திரத்தில் 480 மட்டுமே இருக்கிறது. கட்டித் தந்தவர் அந்நாளில் மீதிப் பங்கைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார் என்பது இப்போதுதான் தெரிந்தது. வாங்கியபோது என் கணவரோ நானோ அந்த வரியைப் படிக்கவே இல்லை. பக்கத்து வீட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான விலைக்குத்தான் என் வீடு போயிற்று.

அந்தப் பணத்தில் மகள் தாம்பரம் தாண்டிப் புது வீடு வாங்கியபோது, நான் முதலில் பார்த்தது பத்திரத்தின் அந்த வரியைத்தான். 2023 டிசம்பருக்குப் பிறகு புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் மனைக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முன்பு மனைப் பங்கை மட்டும் கிரயமாகவும், கட்டுமானத்தைத் தனி ஒப்பந்தமாகவும் எழுதினார்கள். முழு விலை ஒரே பத்திரத்தில் தெரிவது நல்லதுதான். ஆனால் அதனால் மனைப் பங்கைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள் என்று வாங்கும் பெண்களிடம் குறிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மயிலாடுதுறை உறுப்பினர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. நங்கநல்லூர் அம்மா சொன்னதைப் படித்தபின் என் மகனுடைய வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பங்கு சரியாகவே இருக்கிறது. எங்கள் மனைக்கு அடுத்த மனை என்ன விலைக்குப் போயிற்று என்று கோயம்புத்தூர் நண்பர் தனியே கேட்டிருந்தார். அது இன்னும் விற்கவில்லை. என் கிரயம் 900 ரூபாய்க்கு முடிந்தது அந்த மனைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அரசே 1,000 ரூபாய் என்று வைத்த இடத்தை அதற்குக் கீழே எப்படிக் கொடுப்பது என்று உரிமையாளரின் மூத்த மகன் தொலைபேசியில் கேட்கிறார். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் 850-க்குக் கேட்டாராம்.