மறு: ‘வட்டப் பொருளாதாரம்’ – லாட்ஜ்காரருக்கும் புரிகிற சொல் வேண்டும்

வணக்கம் அண்ணாச்சி,

குற்றாலம், பாபநாசம் பக்கத்து விடுதிகளுக்கும் மெஸ்களுக்கும் நீங்கள் எழுதும் கையேட்டைப் படித்தேன். பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை ஆங்கிலத்தில் ‘சர்க்குலர் எகானமி’ என்கிறார்களே, அதற்குத் தலைப்பிலேயே ‘வட்டப் பொருளாதாரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் வட்டம் என்றால் தாலுகா. அம்பாசமுத்திரம் வட்டம், செங்கோட்டை வட்டம் என்று பத்திரத்தில் படித்துப் பழகியவர் இதைத் தாசில்தார் ஆபீஸ் சமாசாரம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுவார்.

‘சுழற்சிப் பொருளாதாரம்’ பத்திரிகைகளில் ஏற்கெனவே ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டால் ‘பொருளாதாரச் சுழற்சி’. ஏற்றமும் மந்தமும் மாறி மாறி வருவதற்குப் பொருளியல் பாடத்தில் வைத்த பெயர் அது. அதைவிடப் பெரிய சிக்கல், சுழற்சி என்றதும் காதில் ‘மறுசுழற்சி’ என்றே விழுவது. “காலி பாட்டிலைக் காயலான் கடைக்குத்தானே போடுகிறோம், அப்புறம் என்ன?” என்பார் மேனேஜர். உருக்கி மறுபடி வார்ப்பதோ இந்த முறையில் வேறு வழியில்லாதபோது எடுக்கும் கடைசிப் படி. இந்த முறையைப் பரப்ப 2010-இல் தொடங்கிய எலன் மெக்கார்த்தர் அறக்கட்டளை முன்வைக்கும் கொள்கைகள் மூன்று: கழிவும் மாசும் உண்டாகாதபடி முதலிலேயே திட்டமிடுவது, வாங்கிய பொருளை மதிப்புக் குறையாமல் புழக்கத்தில் வைத்திருப்பது, இயற்கையை மறுபடி தழைக்க விடுவது.

நடுவில் இருக்கிறதே, ‘புழக்கம்’, அதுதான் நமக்கு வேண்டிய சொல் என்று நினைக்கிறேன். ‘மீள்புழக்கம்’ என்று வைக்கலாமா? புத்தகத்துக்கு ‘மீள்புழக்கப் பொருளாதாரம்’, பேச்சுக்கு வெறும் ‘மீள்புழக்கம்’.

நம்மிடம் இருக்கிற வாடகைப் பாத்திரக் கடையைப் பாருங்கள். அண்டா, தவலை, கரண்டி எல்லாவற்றிலும் கடைக்காரர் தன் இனிஷியலை சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார். திரும்பி வரும்போது எண்ணி வாங்குவார். அடி நசுங்கியிருந்தால் அட்வான்ஸில் பிடிப்பார், தட்டி நிமிர்த்தி அடுத்த கல்யாணத்துக்கு அனுப்புவார். பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் விற்பது என்று மேல்நாட்டு நிர்வாகப் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதற்கு நாம் சொல் தேட வேண்டாம், ‘வாடகை’ போதும்.

விடுதியின் நிலைமை வேறு. சுற்றுலா சேவைத் தொழில்; சோப்பு, விரிப்பு, தண்ணீர் பாட்டில், பல்பு எல்லாமே வெளியிலிருந்து வாங்குவது. ஆகவே கொள்முதல் ரசீதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒரு ராத்திரி தங்குகிறவர் சின்ன சோப்பைப் பாதிகூடக் கரைப்பதில்லை, மீதி குப்பைக்கூடைக்குப் போகிறது. சுவரில் மாட்டிய குப்பியில் நிரப்பி வைத்தால் அந்த மீதியே கிடையாது. இது மீள்புழக்கத்துக்கும் முந்திய படி. கையேட்டில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

விரிப்பு வெளுத்துவிட்டால் தலையணை உறை, அதுவும் நைந்தால் தரை துடைக்கும் துணி. இதற்கு ‘படியிறக்கப் பயன்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், அவ்வளவு பிடிக்கவில்லை.

– திருநெல்வேலி டவுணிலிருந்து

———

தம்பி,

தாலுகா விஷயம் சரிதான், சிரித்துவிட்டேன். வட்டத்தை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் ‘மீள்’ உறுத்துகிறது. புழக்கத்தை விட்டுப் போனது திரும்பி வருவதுதானே மீள்வது? நாம் சொல்வது, விட்டே போகக்கூடாது என்பதை. ‘தொடர்புழக்கம்’ என்றால் என்ன?

அப்புறம், மூன்றாவது கொள்கையை நீங்கள் தொடவே இல்லை. கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். பறவை எச்சம் விழுந்த குளத்து வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள், வயலுக்கு உரமும் கிடைக்கிறது. சரணாலயமாக அறிவித்தது 1994-இல், ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருவது அதற்கும் ரொம்ப முன்னாலிருந்து. மெஸ்ஸில் விழும் எச்சில் இலையும் அந்தக் கணக்குத்தான்: வாழையிலை மாட்டுக்குப் போகும், மாட்டுச் சாணம் வாழைக்குப் போகும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு எங்கேயும் போகாது. 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் பந்தியில் எட்டிப் பார்க்கிறது.

– தென்காசியிலிருந்து

———

அண்ணாச்சிக்கும் தம்பிக்கும்,

‘தொடர்புழக்கம்’ வேண்டாம். கண் முதலில் ‘தொடர்பு’ என்று படித்துவிட்டு அப்புறம் தடுமாறுகிறது. இடைவெளி விட்டு எழுதலாம்தான், போஸ்டர் அடிக்கிறவர் அதை நிச்சயம் ஒட்டிவிடுவார். ‘மீள்புழக்கம்’ எனக்குச் சம்மதம். ஒரு விருந்தாளி விட்டுப்போனது அடுத்தவருக்கு வருகிறதே, அது மீள்வதுதானே?

ஆனால் எங்கள் ஊர்க் கேள்வி ஒன்று. பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பரிகாரம் என்று ஆற்றோடு விட்டுப்போகும் துணியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? கல்லிலும் படித்துறையிலும் ஈரத்தோடு சுற்றிக்கொண்டு கிடக்கும். வாரிப்போட வண்டி வேண்டும். தோஷம் கழித்த துணியை எவர் திரும்பப் புழங்குவார்?

– வி.கே.புரத்திலிருந்து

———

அக்காவின் கேள்வி நல்ல சோதனை. அந்தத் துணியை யாரும் புழங்க மாட்டார்கள், புழங்கச் சொல்வதும் முறையல்ல. நாராகப் பிரித்து வேறொன்றாக்கினால்தான் உண்டு. அதற்கு ‘மறுசுழற்சி’ என்பதே சரியான சொல். இரண்டு சொல்லும் இரண்டு வேலைக்கு இருக்கட்டும்: பொருள் அதே பொருளாகத் திரும்பினால் மீள்புழக்கம், உருவழிந்து வேறாகத் திரும்பினால் மறுசுழற்சி. ஆற்றில் விடாமல் கரையிலேயே ஒரு தொட்டியில் போட வைப்பது முதல் கொள்கை. அதைக் கோயில் பக்கம் பேசித்தான் செய்ய வேண்டும், கையேட்டால் ஆகாது.

கூந்தன்குளத்தை அண்ணாச்சியே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அதற்குத் ‘தழைப்பு’ என்றே தலைப்புப் போடலாம்.

கையேட்டில் பொரித்த எண்ணெய் பற்றிய பக்கத்தில் மட்டும் கவனம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அங்கே ‘மீள்புழக்கம்’ என்று அச்சடித்தால், நேற்றைய எண்ணெயில் இன்றைய வடையைச் சுட்டுவிட்டு, கையேட்டில் போட்டிருக்கிறது என்பார்கள். அந்தப் பக்கத்துக்கு ‘மறுசுழற்சி’ மட்டும்.

– டவுணிலிருந்து