மாவுச்சத்து குறைவா மீன் குழம்பு: தேங்காய் மேல பழி போடாதீங்க

சுகருக்காக மீன் குழம்பை எப்படி மாத்தி வைக்கலாம்னு நாலு ஊர்க்காரங்க சொன்னது.

வள்ளியூர்ப் பக்கம்:
சுகருக்காகக் குழம்பை மாத்துறவங்க முதல்ல தேங்காயைத்தான் நிறுத்துறாங்க. 100 கிராம் தேங்காயில மாவுச்சத்து 15 கிராம், அதுலயும் 9 நார்ச்சத்து. அதே எடைப் புளியில 60க்கு மேல, பெரும்பாலும் சர்க்கரை. சின்ன உள்ளியில (சின்ன வெங்காயம்) 17. இதையெல்லாம்விட மறைஞ்சு கிடக்கிறது மில்லுல திரிச்ச குழம்புப் பொடி. மல்லி, மிளகாய் வத்தலோட துவரம்பருப்பும் ஒரு கை அரிசியும் வறுத்துப் போட்டுத்தானே திரிக்கிறோம்? குழம்புக்குக் கெட்டி குடுக்கிறதே அதுதான். தனி மல்லித்தூள், தனி வத்தல்தூள் வச்சுக்கிடுங்க.

நாலு பேருக்கு: சுத்தம் பண்ணின மீன் அரைக்கிலோ, தேங்காய்த் துருவல் 80 கிராம், சின்ன உள்ளி 50 கிராம் (பாதி வதக்க, பாதி அரைக்க), கொட்டை எடுத்த புளி 12 கிராம், தக்காளி 1, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, வத்தல்தூள் ஒன்றரை, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, வெந்தயம் கால், நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. கூட்டிக் கழிச்சா நார் போக ஆளுக்கு மாவுச்சத்து 6-7 கிராம் பக்கத்துல வரும். ஒரு கப் சோத்துல மட்டும் 45.

பாளையங்கோட்டை:
வள்ளியூர் அண்ணாச்சி அளவுல வச்சுட்டு வழக்கம்போல ரெண்டு செம்பு தண்ணி ஊத்தினா ரசமாத்தான் ஓடும். அப்புறம் கை அரிசி மாவுக்குப் போகும். தண்ணி மொத்தமே 400 மில்லி, புளி கரைச்சதும் மிக்ஸி கழுவினதும் சேர்த்து.

அரைப்புதான் உயிர். தேங்காய், சீரகம், உள்ளியை மிக்ஸியில ஒரே மூச்சா ஓட்டினா சூடேறி எண்ணெய் விட்டுரும், குழம்புல திரிதிரியா நிக்கும். குளிர்ந்த தண்ணி தெளிச்சு விட்டு விட்டு ஓட்டுங்க. விரல்ல தேச்சா நறநறன்னு இருக்கக் கூடாது.

நல்லெண்ணெயில வெந்தயம் பொன்னிறம் வந்ததுமே உள்ளியும் கறிவேப்பிலையும் போட்டுரணும். கருகினா கசப்பை எதுவும் மாத்தாது. தக்காளி குழைஞ்சதும் தூள்களைச் சிறு தீயில அரை நிமிஷம் பிரட்டி, புளித்தண்ணியும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க. பச்சை வாடை போகாம மீனைப் போட்டா, அப்புறம் அதைப் போக்குறதுக்குள்ள மீன் கரைஞ்சிரும். வாடை போன பிறகு அரைப்பு, அப்புறம்தான் மீன். அரைப்பு ஊத்தி ஒரு கொதி வந்தா போதும், தளதளன்னு விட்டா திரியும்.

உவரிப் பக்கம்:
பாளையங்கோட்டை மதினி சொன்னதோட மீன் கணக்கு. சாளைக்கு (மத்தி) 5 நிமிஷம், விளமீன், சீலா துண்டுக்கு 8. மண்சட்டின்னா ஒரு நிமிஷம் முன்னாலயே அடுப்பை அணைங்க, சட்டிச் சூடே மிச்சத்தை வேக வைக்கும். கரண்டி போடக் கூடாது. துணியால சட்டி விளிம்பைப் பிடிச்சு அலசுற மாதிரி சுத்துங்க. சாளையில எண்ணெய்ச் சத்து இருக்கு, நல்லெண்ணெய் 2 கரண்டி போதும். மீன் வாங்கும்போது செவுள் சிவப்பா இருக்கணும், வயிறை அமுக்கினா குழி விழக் கூடாது.

மாங்காய் போடுறவங்க புளியைப் பாதியாக்கிக்கிடுங்க. ரெண்டையும் முழுசாப் போட்டா கணக்கும் போச்சு, ருசியும் போச்சு.

தென்காசி:
சோத்துக்குப் பதிலா பொடியா அரிஞ்ச கோஸைக் கடுகு தாளிச்சு, தண்ணி ஊத்தாம வதக்கி அதுமேல ஊத்திச் சாப்பிடலாம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சோத்தைத் திடீர்னு நிறுத்தினா சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துரலாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. தேங்காய் அரைச்ச குழம்பு வெளியில ராத்திரி தாங்காது. ஆறினதும் ஃபிரிட்ஜுல வச்சு, மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து நல்லா ஆவி வரச் சூடு பண்ணுங்க.