பெட்டி.லேன் ஒரு நேரம் திறக்கிறது, ஒரு நேரம் திறக்க மாட்டேன் என்கிறது (ஓப்பன்டபிள்யூஆர்டி)

தறிக்காரன்:
வணக்கம். ஆர்ச்சர் சி7 ஐந்தாம் பதிப்பு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி 23.05 (ரவுட்டருக்கான திறந்தமூல இயங்குதளம்) போட்டு மூன்று மாதம் ஆகிறது. நெட் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதுதான் ஆசை. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றில் ஜெல்லிஃபின் (வீட்டு மீடியா சர்வர்) ஓடுகிறது. அதற்குப் பெட்டி என்று பெயர். முதலில் வீட்டு டொமைனை, அதாவது பெயர்களின் கடைசிப் பகுதியை, .லோக்கல் என்று மாற்றி வைத்தேன், ஒரே குழப்பம். இப்போது பழையபடி .லேன்.

மூன்று தொல்லைகள்:

என் உபுண்டு லேப்டாப்பில் காலையில் பெட்டி.லேன் திறக்கும். மூடி வைத்து மதியம் திறந்தால் அப்படி ஒரு தளமே இல்லை என்கிறது. வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும்.

மனைவியின் ஆண்ட்ராய்டு போனில் ஒரு நாள்கூடத் திறந்ததில்லை.

கரண்ட் போய் வந்தால் எந்தச் சாதனத்திலும் பெட்டி கிடைக்காது. ஆனால் சாயங்காலத்துக்குள் தானாகவே வந்துவிடுகிறது! இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

192.168.1.50 என்று எண்ணை அடித்தால் எப்போதும் திறக்கிறது.

குறுக்குவழி:
பேசாமல் அந்த ராஸ்பெரி பையிலேயே பை-ஹோல் (பெயரைக் கேட்டால் முகவரி எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வர், விளம்பரத்தையும் தடுக்கும்) போட்டுவிடுங்கள். எல்லாம் சரியாகும்.

பழைய மோடம்:
பை-ஹோல் நல்லதுதான். ஆனால் கேள்வி போய்ச் சேருகிற இடமே தப்பாக இருந்தால், பதில் சொல்கிற ஆளை மாற்றி என்ன பயன்? தறிக்காரன், எதையும் மாற்றாதீர்கள். பெயர் கிடைக்காத நேரத்தில் லேப்டாப்பில் என்எஸ்லுக்கப் (பெயருக்கு முகவரி கேட்கும் கட்டளை) போட்டு, பதில் தருவது யார் என்று பாருங்கள்.

தறிக்காரன்:
பார்த்தேன். சர்வர் 127.0.0.53 என்று வருகிறது. அப்படி ஒரு சாதனம் என் வீட்டில் இல்லையே!

பழைய மோடம்:
அது உங்கள் லேப்டாப்பேதான். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற இடைத்தரகர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யாரிடம் கேட்கிறார் என்பதுதான் நமக்கு வேண்டும். ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்து, வைஃபை பகுதியில் 'கரண்ட் டிஎன்எஸ் சர்வர்' என்ற வரியைப் பாருங்கள். அப்புறம் என்எஸ்லுக்கப்பில் பெயருக்குப் பின்னால் 192.168.1.1 என்று சேர்த்து, ரவுட்டரிடமே நேராகக் கேளுங்கள்.

தறிக்காரன்:
ரவுட்டரிடம் நேராகக் கேட்டால் 192.168.1.50 என்று சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்த வரியில் இருப்பது 8.8.8.8, கூகுளின் பொது டிஎன்எஸ். கீழே பட்டியலில் 192.168.1.1, 8.8.8.8 இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதை நான்தான் போட்டேன். லேன் இன்டர்ஃபேஸின் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் முறை) ஆப்ஷனில் 6,192.168.1.1,8.8.8.8 என்று கொடுத்திருக்கிறேன். ரவுட்டர் படுத்துவிட்டால் அதுவாவது கைகொடுக்கும் என்று நினைத்தேன்.

பழைய மோடம்:
ரவுட்டர் படுத்துவிட்டால் 8.8.8.8-க்குப் போகிற வழியும் சேர்ந்துதான் படுக்கும். அந்தக் காப்பீட்டில் ஒரு பைசா தேறாது.

இரண்டாவதாகக் கொடுக்கும் டிஎன்எஸ், முதலாவது இல்லாதபோது மட்டும் கூப்பிடுகிற ஸ்டெப்னி இல்லை. எதைக் கேட்பது என்பது அந்தந்தச் சாதனத்தின் இஷ்டம். ரிசால்வ்ட் ஒருவரைப் பிடித்தால் அவரையே பிடித்துக்கொண்டிருக்கும். லேப்டாப் தூங்கி எழும்போது ரவுட்டரிடமிருந்து ஒரு பதில் தவறினால் போதும், 8.8.8.8-க்குத் தாவிவிடும். அது ஒழுங்காகப் பதில் தருவதால் திரும்பி வராது. உங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்கிறது. 'தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால் இன்னொருவரிடம் கேட்கலாம். 'இல்லை' என்பது முடிந்த முடிவு, அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். வைஃபையைத் துண்டித்து இணைத்தால் சரியாவது, பட்டியலை முதலிலிருந்து எடுப்பதால்தான்.

அந்த ஆப்ஷனை அழித்துவிடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டால் ரவுட்டர் தன் முகவரியை மட்டும் கொடுக்கும். 8.8.8.8 வேண்டுமென்றால் லூசியில் (ரவுட்டரின் அமைப்புப் பக்கம்) டிஎன்எஸ் ஃபார்வர்டிங்ஸ் கட்டத்தில் போடுங்கள். .லேன் பெயருக்கு ரவுட்டரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் தானே பதில் சொல்லும், மற்றதை வெளியே கேட்கும்.

நள்ளிரவு ரீபூட்:
.லோக்கல் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயர் 2013-இலேயே மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. .லோக்கல் என்று முடிந்தால் பல சாதனங்கள் ரவுட்டரைக் கேட்காமல் வீடு முழுக்கக் கூவிக் கேட்கும். .லேன் யாரும் ஒதுக்கிக் கொடுத்த பெயர் இல்லை, ஆனாலும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் இயல்புப் பெயர் அதுதான். விதிப்படி வேண்டுமானால் ஹோம்.ஆர்பா இருக்கிறது, 2018-இல் வீட்டு உபயோகத்துக்கென்றே ஒதுக்கியது. நான் .லேனிலேயே இருக்கிறேன், அடிக்கச் சுருக்கம்.

மனைவியின் போனில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' அமைப்பு எப்படி இருக்கிறது? ஆண்ட்ராய்டு 9 முதல் அது உண்டு.

தறிக்காரன்:
ஐயோ. போன வருடம் விளம்பரத் தொல்லை தாங்காமல் அதில் ஒரு விளம்பரத் தடுப்புச் சேவையின் பெயரை நானே போட்டுக் கொடுத்தேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

நள்ளிரவு ரீபூட்:
அப்படிப் பெயர் கொடுத்துவிட்டால் போன் உங்கள் ரவுட்டரை மதிக்கவே மதிக்காது. எல்லாக் கேள்வியும் பூட்டிய கவரில், 853-ஆம் போர்ட் வழியாக அந்தச் சேவைக்கே போகும். 'தானியங்கி' என்று மாற்றுங்கள். வீட்டுக்குள் விளம்பரம் தடுக்க ரவுட்டரிலேயே ஆட்பிளாக் தொகுப்பு போடலாம். ஆனால் வெளியே போனால் விளம்பரம் வரும். எது வேண்டும் என்று வீட்டம்மாவைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள், நமக்கு எதற்கு வம்பு.

தறிக்காரன்:
கேட்டேன், மாற்றியாயிற்று. இரண்டு நாளாக லேப்டாப், போன் இரண்டிலும் பெட்டி.லேன் திறக்கிறது. கரண்ட் விஷயம்தான் பாக்கி. நேற்றுக் காலை பத்து நிமிடம் போனது. பெட்டி காணாமல் போய் மதியம் மூன்று மணிவாக்கில் வந்தது.

பழைய மோடம்:
பை யுபிஎஸ்ஸில் இருக்கிறதா? நடுவில் ஸ்விட்ச் ஏதாவது உண்டா?

தறிக்காரன்:
ஆமாம், பையும் ஒரு ஐந்து போர்ட் ஸ்விட்சும் டிவிக்குப் பின்னால் யுபிஎஸ்ஸில். ரவுட்டர் மட்டும் வாசல் பக்கம், யுபிஎஸ் கிடையாது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய மோடம்:
சாயங்காலம் தானாக வருகிறது என்றீர்களே, அதில்தான். யாருக்கு எந்த முகவரி, என்ன பெயர் என்கிற கணக்கை டிஎன்எஸ்மாஸ்க் /டிஎம்பி அடைவில் எழுதி வைக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அது ராம். கரண்ட் போனால் கணக்கு நோட்டே போச்சு. திரும்பி வந்த ரவுட்டருக்குப் பெட்டி என்றால் யார் என்று தெரியாது.

பை நேராக ரவுட்டரில் சொருகியிருந்தால், கேபிள் செத்துப் பிழைத்ததை உணர்ந்து உடனே மறுபடி முகவரி கேட்டிருக்கும். உங்களுடையது ஸ்விட்சில் இருக்கிறது. ஸ்விட்ச் அணையவே இல்லை. ஆகவே பைக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ரவுட்டர் கொடுக்கும் முகவரியின் குத்தகைக் காலம் 12 மணி நேரம். அதில் பாதி, அதாவது 6 மணி நேரம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்க வரும். அப்போதுதான் பெயர் மறுபடி பதிவாகும்.

லூசியில் ஸ்டேட்டிக் லீசஸில் பைக்கு 192.168.1.50-ஐ நிரந்தரமாகக் கட்டுங்கள். அதோடு விட்டுவிடாமல் ஹோஸ்ட்நேம்ஸ் பகுதியிலும் பெட்டி, 192.168.1.50 என்று ஒரு வரி போடுங்கள். அது கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். பை வந்து பதிவு செய்கிறதோ இல்லையோ, ரவுட்டர் எழுந்தவுடன் பெயர் தெரியும்.

தறிக்காரன்:
போட்டுவிட்டு, கரண்டுக்குக் காத்திருக்காமல் ரவுட்டரின் பிளக்கையே பிடுங்கிச் சொருகினேன். விளக்கு நிலைத்ததும் லேப்டாப்பில் பெட்டி.லேன்:8096 அடித்தேன், ஜெல்லிஃபின் வந்துவிட்டது. இருவருக்கும் நன்றி.

அந்த உற்சாகத்தில் பிரிண்டரையும் பிரிண்டர்.லேன் என்று சேர்த்தேன். பிங் போகிறது. குரோமில் அடித்தால் மட்டும் கூகுளில் தேடப் போய்விடுகிறது!

நள்ளிரவு ரீபூட்:
இது டிஎன்எஸ் தகராறு இல்லை. .லேன் குரோமுக்குத் தெரிந்த டொமைன் இல்லை, தேடல் சொல் என்று எடுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு அடியுங்கள்: பிரிண்டர்.லேன்/